சொட்டுநீரில் வளரும் கல்: குகைக் கனிமங்களும் பாக்டீரியாவும்

(உலு திராமில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீர் கல்லாக மாறுவது எப்படி, அந்த மாற்றத்தில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்கு என்ன பங்கு என்பதே இவ்வுரையின் பொருள். கல் உயிரற்றது என்றும், உயிர் கல்லுக்குப் புறம்பானது என்றும் பள்ளி நாள் முதல் பழகிவிட்ட எண்ணம் ஒன்று உண்டு. அந்த எண்ணத்தைக் குகையின் ஒரு துளி நீர் திருத்திவிடுகிறது. மேலே நிற்கும் காடு, காட்டின் அடியிலுள்ள மண், மண்ணுக்குக் கீழுள்ள பாறை, பாறையின் உள்ளே இருளில் வாழும் நுண்ணுயிர் ஆகிய நான்கும் சேர்ந்து செய்யும் வேலைதான் குகையில் வளரும் கல். இந்த நான்கில் ஒன்று கெட்டாலும் அந்த வேலை தடைப்படும். இதனை விளக்குவதும், விளங்கியபின் செய்ய வேண்டியது எது என்று சொல்வதுமே இவ்வுரையின் நோக்கம்.

ஜொகூரில் நின்றுகொண்டு குகையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். தென் ஜொகூரின் நிலம் பெரும்பாலும் கருங்கல்லின் மீதும் பழைய எரிமலைப் பாறைகளின் மீதும் அமைந்தது. பேராக், சிலாங்கூர், கிளந்தான், பெர்லிஸ் மாநிலங்களில் நிலத்திலிருந்து செங்குத்தாக எழும் வெண்சுண்ணாம்புக் குன்றுகளை இங்கே காண முடியாது. ஆயினும் தைப்பூசம் வந்துவிட்டால் உலு திராமிலிருந்தும் கோத்தா திங்கியிலிருந்தும் பேருந்து பேருந்தாகத் தமிழர்கள் புறப்பட்டுச் சேர்வது எங்கே? ஒரு சுண்ணாம்புக் குகைக்கு. மலேசியத் தமிழரின் பக்தி வாழ்வின் நடுவிடம் ஒரு குகை. அந்தக் குகை எப்படி உண்டானது, அதன் கூரையிலிருந்து தோளில் விழும் துளி எங்கிருந்து வருகிறது என்று அறிந்துகொள்ள இந்த ஊர்த் தமிழர்க்கு முழு உரிமையும் உண்டு. அறிந்துகொள்ளும் கடமையும் உண்டு.

அந்தக் குகை அமைந்த பத்துமலையில் தம்புசாமிப் பிள்ளை 1890-ஆம் ஆண்டளவில் முருகனுக்குக் கோயில் கண்டார் என்பதும், 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்படுகிறது என்பதும், 272 படிகள் ஏறிச் சென்றால் பெருங்குகைக்குள் நுழையலாம் என்பதும் இந்த அவையில் அனைவரும் அறிந்தவை. அந்தக் குன்றின் பாறைக்கு வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டு என்பது அத்தனை பேரும் அறிந்த செய்தி அன்று. அக்காலத்தில் அந்த இடம் வெப்பக் கடலின் அடித்தளமாக இருந்தது. பவளங்களும் ஓடுடைய சிற்றுயிர்களும் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தங்கள் உடலைக் கட்டின. அவை மடிந்தபின் அந்த ஓடுகளும் கூடுகளும் அடுக்கடுக்காகப் படிந்து, புவியின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இறுகிப் பாறையாயின. ஆகவே குகையின் சுவர் எனத் தொட்டுப் பார்க்கும் கல்லே ஒரு காலத்தில் உயிர் கட்டிய பொருள். உயிர் கட்டியதை நீர் கரைக்கிறது. நீர் கரைத்ததை மீண்டும் கல்லாக்கும் வேலையிலும் உயிர் கைகொடுக்கிறது. இதுவே இவ்வுரையின் சாரம்.

முதலில் நீரின் பயணத்தைக் காண்போம். மழைத்துளி வானிலிருந்து இறங்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு மென்மையான அமிலத்தன்மை பெறுகிறது. ஆனால் காற்றில் அந்த வாயு மிகக் குறைவு. பத்தாயிரம் பங்கில் நான்கு பங்கு அளவே உண்டு. அந்தச் சிறு அளவைக் கொண்டு மலையைக் குடைய முடியுமா? முடியாது. மழைநீருக்கு வலிமை தருவது மண். காட்டு மண்ணில் வேர்கள் மூச்சு விடுகின்றன. உதிர்ந்த இலைகளையும் மடிந்த கிளைகளையும் பாக்டீரியாவும் பூஞ்சையும் சிதைத்து உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. இதனால் மண்ணின் நுண்துளைகளில் அந்த வாயுவின் அளவு வெளிக்காற்றில் உள்ளதைப் போலப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை உயர்கிறது. அந்த மண்ணின் வழியே இறங்கும் நீர் கார்பானிக் அமிலம் மிகுந்த நீராக மாறுகிறது. கார்பானிக் அமிலம் என்பது கரியமில வாயு நீரில் கரைவதால் உண்டாகும் மென்மையான அமிலம்.

பாக்டீரியாவின் முதல் பங்கு குகைக்கு வெளியே, தலைக்கு மேலே, மண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. மண்ணில் நுண்ணுயிர் இல்லையேல் நீரில் அமிலம் போதாது. அமிலம் போதாவிட்டால் பாறை கரையாது. பாறை கரையாவிட்டால் சொட்டும் நீரில் சுண்ணாம்பு இருக்காது. சுண்ணாம்பு இல்லாத நீர் எத்தனை ஆயிரம் ஆண்டு சொட்டினாலும் ஒரு மில்லிமீட்டர் கல்லும் வளராது.

அமிலம் ஏறிய நீர் பாறையின் வெடிப்புகளில் நுழைகிறது. சுண்ணாம்புக்கல் என்பது வேதியியலில் கால்சியம் கார்பனேட். அது தூய நீரில் மிகமிகக் குறைவாகவே கரையும். கார்பானிக் அமிலம் கலந்த நீரிலோ அது கால்சியம் பைகார்பனேட் என்னும் கரையக்கூடிய வடிவத்தைப் பெற்று நீரோடு நீராகக் கலந்துவிடுகிறது. கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் அந்த நீர் தெள்ளத் தெளிவாகத் தெரியும். அதற்குள் ஒரு மலையின் துணுக்கு கரைந்திருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. இவ்வாறு சுண்ணாம்பைச் சுமந்துகொண்டு, சில வேளை நாட்கணக்கிலும் சில வேளை ஆண்டுக்கணக்கிலும் பாறைக்குள் பயணம் செய்து, நீர் குகையின் கூரையை வந்தடைகிறது.

இப்போது கூரையில் தொங்கும் ஒரே ஒரு துளியை அருகில் சென்று பார்க்கலாம். குகைக்கூரையில் முதலில் உருவாவது உள்ளே துளையுள்ள மெல்லிய சுண்ணாம்புக் குழல். அதன் குறுக்களவு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், அதாவது ஒரு நீர்த்துளியின் அகலம். அதன் சுவரோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புடையது, விரல் பட்டாலே நொறுங்கும். நீர் அந்தக் குழலின் உட்துளை வழியே இறங்கி நுனியில் திரண்டு தொங்குகிறது. குகையின் காற்றில் கரியமில வாயு மண்ணில் உள்ளதைவிடக் குறைவு. ஆதலால் மூடி திறந்த சோடாப் புட்டியிலிருந்து வாயு வெளியேறுவது போலத் துளியிலிருந்து அந்த வாயு ஓசையின்றி வெளியேறுகிறது. வாயு போய்விட்டால் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கும் ஆற்றல் நீருக்கு இல்லை. துளியின் விளிம்பு குழலின் நுனியைத் தொடும் வட்டத்தில் நுண்ணிய படிகங்கள் தோன்றி ஒட்டிக்கொள்கின்றன. துளி விழுகிறது, வளையம் நிற்கிறது. அடுத்த துளி வருகிறது. இன்னொரு வளையம் சேர்கிறது. அந்தப் படிகத்தின் பெயர் கால்சைட். சுண்ணாம்புக்கனிமங்களில் மிகப் பரவலானது அதுவே.

கூரையிலிருந்து கீழ்நோக்கி வளரும் கல்லைக் கல்விழுது என்றும், துளி விழும் தரையிலிருந்து மேல்நோக்கி வளரும் கல்லைக் கல்முளை என்றும், இரண்டும் சேர்ந்தால் கல்தூண் என்றும் வழங்குவர். இவை எவ்வளவு வேகமாக வளர்கின்றன? இடத்துக்கு இடம், மழைக்கு மழை வேறுபட்டாலும், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லக்கூடிய அளவு. அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் வளர நூறு ஆண்டு ஆகும். ஓர் இளைஞர் நினைவுப்பொருளாக ஒடித்துச் செல்லும் ஒரு சாண் கல்விழுது ஈராயிரம் ஆண்டுகளின் வளர்ச்சி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே காட்சியின் வேறொரு வடிவம் ஜொகூரிலேயே காணக் கிடைக்கிறது. ஜொகூர் பாருவின் பழைய மேம்பாலங்களின் அடிப்புறத்திலும், கட்டடங்களின் நிலவறைக் கார் நிறுத்தங்களிலும், நீர் கசியும் காங்கிரீட் வெடிப்புகளில் வெள்ளைக் குழல்கள் தொங்குவதை உற்று நோக்குவோர் காணலாம். ஆனால் அங்கே நடக்கும் வேதிவினை வேறு. காங்கிரீட்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடை நீர் கரைத்துக்கொண்டு வருகிறது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கிச் சுண்ணாம்பாகப் படிகிறது. குகையில் வாயு வெளியேறுவதால் கல் உண்டாகிறது; காங்கிரீட்டின் அடியில் வாயு உட்புகுவதால் கல் உண்டாகிறது. அதனால்தான் காங்கிரீட்டில் தொங்கும் குழல் குகைக்குழலைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகக்கூட வளர முடிகிறது. பள்ளி மாணவர்க்கு இதைவிட எளிதில் கிடைக்கும் பாடம் வேறு என்ன வேண்டும்?

இதுவரை சொன்னது வேதியியல். நீர், வாயு, சுண்ணாம்பு ஆகிய மூன்றைக் கொண்டே குகைக்கல்லின் வளர்ச்சியை நெடுங்காலம் அறிஞர்கள் விளக்கி வந்தார்கள். அந்த விளக்கம் பெரும்பகுதி சரியானதே. ஆனால் அது முழுமையானதா? ஒரே குகையில், ஒரே கூரையில், ஒரே மாதிரி நீர் சொட்டும் இரண்டு இடங்களில் ஓரிடத்தில் உறுதியான கல்லும் மற்றோரிடத்தில் வெண்ணெய்க் கட்டி போன்ற மென்மையான படிவும் ஏன் உண்டாகின்றன? படிகங்களை மின்னணு நுண்நோக்கியில் வைத்துப் பார்க்கும்போது அவற்றினூடே இழைகளும் கோல்களும் உருண்டைகளும் ஏன் தென்படுகின்றன? இந்தக் கேள்விகளே ஆய்வாளர்களைப் பாக்டீரியாவின் பக்கம் திருப்பின.

பாக்டீரியா என்பது ஒற்றை உயிரணுவால் ஆன நுண்ணுயிர். ஆயிரம் பாக்டீரியாவை வரிசையாக நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். கதிரவன் ஒளி எட்டாத குகையில் செடி வளராது. உணவு மிக அரிது. ஆயினும் அங்கே உயிர் உண்டு. மேலுள்ள மண்ணிலிருந்து சொட்டுநீரோடு இறங்கி வரும் மிகச் சிறிதளவு கரிமப் பொருளை உண்டு சில பாக்டீரியா வாழ்கின்றன. வௌவாலின் எச்சத்தையும் சிறுநீரையும் நம்பிச் சில வாழ்கின்றன. இரும்பையும் மாங்கனீசையும் கந்தகத்தையும் வேதிமாற்றம் செய்து அதிலிருந்தே ஆற்றல் பெற்றுச் சில வாழ்கின்றன. ஈரமான குகைச்சுவரைத் தடவினால் கையில் ஒட்டும் வழுவழுப்பு பல இடங்களில் இவற்றின் குடியிருப்பே.

இந்த நுண்ணுயிர் கல்லை உண்டாக்குவது எவ்வாறு? அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, நீரின் இயல்பை மாற்றுவது. சில பாக்டீரியா யூரியா என்னும் பொருளை உடைத்து அம்மோனியாவையும் கார்பனேட்டையும் வெளிவிடுகின்றன. வௌவால் வாழும் குகையில் யூரியாவுக்குக் குறைவில்லை. அம்மோனியா சேர்ந்தால் பாக்டீரியாவைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை உயரும். காரத்தன்மை உயர்ந்த நீரில் சுண்ணாம்பு கரைந்து நிற்காது, படிகமாகப் பிரியும். யூரியாவை உடைப்பது மட்டுமல்ல, புரதத்தின் கூறுகளைச் சிதைப்பதும், நைட்ரேட்டைப் பயன்படுத்தி மூச்சு விடுவதும்கூட இதே விளைவைத் தரும்.

இரண்டாம் வழி, படிகத்துக்கு இடம் கொடுப்பது. பாக்டீரியாவின் வெளிச்சுவர் எதிர்மின் தன்மையுடையது. நீரில் கரைந்துள்ள கால்சியமோ நேர்மின் தன்மையுடையது. ஒன்றை ஒன்று ஈர்க்கும். கால்சியம் அணுக்கள் பாக்டீரியாவின் மேற்புறத்தில் வந்து குவிகின்றன. கார்பனேட் அவற்றோடு சேர்கிறது. முதல் படிகம் அங்கேயே பிறக்கிறது. எந்தப் படிகமும் தொடங்குவதற்கு ஒரு புள்ளி வேண்டும். அந்தப் புள்ளியாக உயிரணுவே நிற்கிறது. பல வேளைகளில் படிகம் அந்த உயிரணுவை முழுவதும் மூடிவிடும். உயிரணு மடிந்தபின் அதன் வடிவம் கல்லில் சிறு துளையாக எஞ்சும்.

மூன்றாம் வழி, பிசின். பாக்டீரியா கூட்டமாக வாழும்போது சர்க்கரைப் பொருள்களால் ஆன ஒரு பசையைச் சுரந்து அதற்குள் குடியிருக்கின்றன. அந்தப் பசை முதலில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு படிகமாவதைத் தாமதப்படுத்தும். பின்னர்ப் பசை சிதையும்போது பிடித்ததை விடுவித்துப் படிகத்தைப் பெருக்கும். படிகம் கோல் வடிவமா, ஊசி வடிவமா, உருண்டையா என்பதையும் பெரும்பாலும் இந்தப் பசையே முடிவு செய்கிறது.

இவையெல்லாம் வெறும் ஊகமா? அல்ல. 1973-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்களான பொக்கெட், பொரோனாட், ரமோஸ்-கோர்மென்சானா ஆகிய மூவரும் மண்ணில் வாழும் பாக்டீரியா கால்சைட் படிகத்தை உண்டாக்குவது அரிய நிகழ்ச்சி அன்று, பொதுவான இயல்பே என்று நேச்சர் ஆய்விதழில் அறிவித்தார்கள். கால்சியம் அசெட்டேட், ஈஸ்ட் சாறு, குளுக்கோஸ் ஆகியவற்றைக் கடற்பாசிக் கூழில் கலந்து அவர்கள் கையாண்ட வளர்ப்பு ஊடகம் இன்றும் உலகெங்கும் குகை ஆய்வாளர்களால் பயன்படுத்தப்படுகிறது. குகையிலிருந்து தூய்மை கெடாமல் எடுத்து வந்த நீரையோ கல்துகளையோ அந்த ஊடகத்தில் தடவி வைத்தால், சில நாட்களிலோ சில வாரங்களிலோ பாக்டீரியாத் திட்டுகளின் மேல் பளபளக்கும் படிகங்கள் தோன்றும். அருகிலேயே, வெப்பத்தால் கொல்லப்பட்ட பாக்டீரியாவைத் தடவிய இன்னொரு தட்டு இருக்கும். உயிருள்ள தட்டில் படிகம் பெருகி, கொல்லப்பட்ட தட்டில் அது தோன்றாமலே இருந்தால், அந்தப் படிகத்துக்குக் காரணம் உயிரின் செயல் என்று சொல்ல வழி பிறக்கிறது. அறிவியல் சான்று என்பது இந்த இரண்டு தட்டுகளின் வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இந்தத் துறையில் இந்தியாவின் பங்கும் குறிப்பிடத்தக்கது. டேராடூனை அடுத்த சகஸ்ரதாரா குகைகளின் கல்விழுதுகளை சுஷ்மிதா பாஸ்கரும் ராமநாதன் பாஸ்கரும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கல்விழுதிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்தபோது அவை கால்சைட்டைப் படியச் செய்ததைக் கண்டு, 2006-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அதே இதழில், விசாகப்பட்டினத்துக்கு வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையிலுள்ள பொர்ரா குகைகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. குகையின் ஊற்றுநீரில் செம்மஞ்சள் நிறத்தில் தடித்த பாய் போலப் படர்ந்திருந்த நுண்ணுயிர்க் கூட்டத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். மின்னணு நுண்நோக்கியின் கீழ் சுண்ணாம்பு பூசிய பாக்டீரியாவும், நுண்கோல்களும், ஊசி போன்ற கால்சைட்டும் தென்பட்டன. லிங்க வடிவில் வளர்ந்த கல்முளை ஒன்றை மலைமக்களும் யாத்திரிகரும் வழிபட்டுவரும் குகை அது. வழிபடுவோரின் கண்முன் நிற்கும் அந்தக் கல்லின் வளர்ச்சியில் உயிருக்கும் பங்கு உண்டு என்று ஆய்வுக்கூடமும் சொல்கிறது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆய்வகத் தட்டில் ஊட்டமான உணவு உண்டு. குகையில் அது இல்லை. தட்டில் சில நாட்களில் செய்ததைக் குகையிலும் பாக்டீரியா அதே அளவில் செய்யும் என்று சொல்லிவிட முடியாது. வெறும் வாயு வெளியேற்றத்தாலேயே வேகமாகச் சுண்ணாம்பு படியும் இடங்களில், அங்கே தற்செயலாக இருந்த பாக்டீரியா கல்லுக்குள் புதைந்து போயிருக்கவும் கூடும். அப்போது அது கல்லைக் கட்டிய கொத்தனார் அல்ல, கல்லில் அகப்பட்ட வழிப்போக்கர். ஆகவே பெரிய கல்விழுதுகளின் வளர்ச்சியில் பெரும்பங்கு வேதியியலுக்கே உரியது என்றும், படிகம் தொடங்கும் இடத்தையும் அதன் வடிவத்தையும் வேகத்தையும் மாற்றுவதில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு என்றும், அந்தப் பங்கு இடத்துக்கு இடம் வேறுபடும் என்றும் கொள்வதே நடுநிலையான முடிபு. அறிவியலின் பெருமை அது எதையும் மிகைப்படுத்தாமல் இருப்பதில்தான் உள்ளது.

உயிரின் பங்கு மிகுதியாகக் கருதப்படும் படிவு ஒன்று உண்டு. அதற்கு நிலாப்பால் என்று பெயர். குகைச்சுவரில் ஈரமாக, வெள்ளை வெளேரென்று, விரலால் அழுத்தினால் குழியும் மென்மையோடு அது படர்ந்திருக்கும். சுவிட்சர்லாந்து அறிஞர் கொன்ராட் கெஸ்னர் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதனைப் பற்றி எழுதினார். ஐரோப்பாவில் இதனை உலர்த்திப் பொடியாக்கிப் புண்ணுக்கு மருந்தாகத் தூவும் வழக்கமும் இருந்தது. நுண்நோக்கியில் அது கால்சைட் ஊசிகளின் பின்னல். அந்தப் பின்னலுக்கிடையே பாக்டீரியாவும் பூஞ்சையும் செறிந்திருக்கும். குகையில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற இனங்கள், மருந்துலகுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தந்த குடும்பத்தின் உறவினர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

நுண்ணுயிர் கல்லைக் கட்டுவது மட்டுமா? அரிப்பதும் உண்டு. அதற்குச் சிறந்த சான்று மலேசிய மண்ணிலேயே இருக்கிறது. சரவாக் மாநிலத்தின் குனோங் மூலு தேசியப் பூங்கா 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1981-இல் கண்டறியப்பட்ட, உலகின் மிகப் பரந்த குகைக்கூடங்களில் ஒன்றான சரவாக் கூடம் அங்கேதான் உள்ளது. அங்குள்ள கிளியர்வாட்டர் குகையின் வாயிலில் பாறைகள் ஊசி ஊசியாக அரிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஊசிகள் அத்தனையும் வெளிச்சம் வரும் திசையை நோக்கியே நீட்டியிருக்கின்றன. காரணம் நீலப்பச்சைப் பாக்டீரியா. ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் அந்த நுண்ணுயிர், ஒளி படும் பக்கத்தில் குடியேறிப் பாறையை அரித்து, ஒளி வரும் கோட்டிலேயே அதைச் செதுக்கிவிட்டது. கட்டுவதும் உயிர், செதுக்குவதும் உயிர். இரண்டையும் ஒரே நாட்டில் காணும் பேறு மலேசியர்க்கு வாய்த்திருக்கிறது.

அவையோரே, குகைக்கல் அழகுப் பொருள் மட்டுமன்று. அது மழையின் வரலாற்று ஏடு. நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் எடை குறைந்தவையும் எடை மிகுந்தவையும் உண்டு; மழை மிகும்போதும் குறையும்போதும் அவற்றின் விகிதம் மாறும்; அந்த விகிதம் சொட்டுநீர் வழியே கல்முளையின் ஒவ்வோர் அடுக்கிலும் பதிவாகிறது. மூலுவின் குகைகளில் மழைநீரையும் சொட்டுநீரையும் ஒப்பிட்டு ஆராய்ந்த கிம் காப் முதலான அறிஞர்கள், அங்குள்ள கல்முளைகளைக் கொண்டு ஏறத்தாழ 27,000 ஆண்டுக்கால மழையின் போக்கை 2007-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மேகாலயாவின் மாவ்ம்லூ குகையில் கிடைத்த கல்முளை ஒன்று, 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்து பெரும் வறட்சி வந்ததைப் பதிந்து வைத்திருந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டே புவி வரலாற்றின் நடப்புக் கட்டத்துக்கு 2018-இல் மேகாலயன் காலம் என்று உலகப் புவியியலார் பெயரிட்டனர். அந்த ஏட்டைப் பிழையின்றிப் படிக்க வேண்டுமானால், எந்த அடுக்கு வெறும் நீரால் உண்டானது, எந்த அடுக்கில் பாக்டீரியாவின் கை பட்டது என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். சொட்டுநீர் நுண்ணுயிரியல் பயனற்ற ஆராய்ச்சி அன்று என்பதற்கு இதுவே போதிய விடை.

பயன் அத்தோடு நின்றுவிடவில்லை. பாக்டீரியா சுண்ணாம்பைப் படியச் செய்யும் ஆற்றலைக் கொண்டு, சிதைந்துவரும் சுண்ணாம்புக்கல் கட்டடங்களைக் காக்க முடியுமா என்று பிரான்சு நாட்டில் சோதித்தார்கள்; தூவார் நகரத்துப் புனித மெதார் தேவாலயத்தின் கோபுரத்தில் 1993-இல் அந்த முறை கையாளப்பட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ், உறங்கும் நிலையிலுள்ள பாக்டீரியாவைக் காங்கிரீட்டில் கலந்து வைத்து, வெடிப்பு விழுந்து நீர் புகும்போது அவை விழித்துச் சுண்ணாம்பால் வெடிப்பை அடைக்கும் முறையை உருவாக்கினார். அமெரிக்காவின் லெச்சுகியா குகையில், 40 இலட்சம் ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்த பகுதியிலிருந்து எடுத்த பாக்டீரியா, இன்றைய மருத்துவம் பயன்படுத்தும் பல நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்த்து நிற்பதை 2012-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் புரிந்துகொள்ள இது எவ்வளவு பெரிய வாயில்!

இத்தனை அருமையான ஓர் உலகத்தை அழிப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பிரான்சின் லாஸ்கோ குகையே விடை சொல்லும். 1940-இல் கண்டறியப்பட்ட தொல்மாந்தர் ஓவியங்களைக் காண 1948 முதல் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். அவர்கள் விட்ட மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் குகையின் சமநிலையைக் குலைத்தன. விளக்கொளியில் பச்சைப்பாசி படர்ந்தது. ஓவியங்களின் மேல் வெண்கால்சைட் படியத் தொடங்கியது. 1963-இல் குகையை மூட வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 17,000 ஆண்டு நிலைத்திருந்தது பதினைந்தே ஆண்டுகளில் ஆபத்துக்குள்ளாயிற்று. காரணம் பகைமை அன்று, அறியாமை. ஓயாது எரியும் மின்விளக்கும், கல்விழுதைத் தடவும் கையின் எண்ணெய்ப் பசையும், காலணியில் ஒட்டி வரும் மண்ணும் குகைக்குள் இல்லாத உயிர்களைக் கொண்டுவந்து சேர்க்கும். இருக்கும் உயிர்களை அழிக்கும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து வெளியே இருக்கிறது. குன்றின் மேலுள்ள காட்டை அழித்தால் மண் சரிந்து போகும். மண் போனால் நீரில் அமிலம் குறையும். சொட்டுநீரின் தன்மையே மாறிவிடும். சிமெண்டுக்காகவும் சாலைக்கல்லுக்காகவும் குன்றையே வெடி வைத்துத் தகர்த்தால் பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது. பத்துமலைக் குன்றிலேயே ஒரு காலத்தில் கல் உடைக்கப்பட்டது; பின்னர் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டதால்தான் இன்றும் அங்குள்ள இருட்குகையில், உலகில் மிகப் பழைமையான சிலந்தி மரபைச் சேர்ந்த பொறிக்கதவுச் சிலந்தி வாழ்கிறது, நீர் சொட்டுகிறது, கல் வளர்கிறது. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கிலோ ஒரு குன்றில் கோயிலும் அடுத்த குன்றில் கல்லுடைப்பும் அருகருகே நிற்கின்றன. வீடு கட்டச் சிமெண்டு வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எந்தக் குன்றை எடுப்பது, எந்தக் குன்றை விட்டுவைப்பது என்பதை, உள்ளே வாழ்வது எது என்று ஆராய்ந்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு மக்களுக்கு உரிமை உண்டு.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. குகைக்குச் செல்வோர் கல்விழுதைத் தொடாதிருக்க வேண்டும். கல்லில் பெயர் எழுதாதிருக்க வேண்டும். ஒடித்து எடுத்து வராதிருக்க வேண்டும். உணவுப் பொட்டலத்தையும் நெகிழிப் பையையும் குகைக்குள் விட்டு வராதிருக்க வேண்டும். குகைக்கோயில்களை நடத்துவோர் சூடான விளக்குகளைக் கல்லுக்கு மிக அருகில் வைக்காமலும், தேவையில்லாத நேரத்தில் அணைத்தும், கர்ப்பூரப் புகை வெளியேற வழி செய்தும், நீர் சொட்டும் கல்லின் மேல் வண்ணம் பூசாமலும் இருந்தால் அதுவே பெருந்தொண்டு. ஆசிரியர்கள் குகைச் சுற்றுலாவை அறிவியல் பாடமாக மாற்ற வேண்டும். அதற்கு முன்பாக, இந்த வட்டாரத்து மேம்பாலத்தின் அடியில் தொங்கும் வெள்ளைக் குழலைக் காட்டியே பாடத்தைத் தொடங்கலாம். நுண்ணுயிரியலும் புவியியலும் படிக்கும் தமிழ் மாணவர்கள், மலேசியக் குகைகளின் சொட்டுநீரைத் தங்கள் ஆய்வுப் பொருளாகக் கொள்ள வேண்டும். அங்கே செய்யப்படாத வேலை மலையளவு காத்திருக்கிறது.

அடுத்த தைப்பூசத்துக்கு இந்த ஊரிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி அழைத்துச் செல்லட்டும்: அந்தக் குகையின் கல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதை வளர்ப்பதில் மழைக்கும் மண்ணுக்கும் மரத்துக்கும் நுண்ணுயிருக்கும் பங்கு உண்டு, அதைக் கெடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு, மீண்டும் படைக்கும் ஆற்றல் அவனுக்கு இல்லை. ஆகவே குகையையும், குகையைத் தாங்கும் குன்றையும், குன்றின் மேலுள்ள காட்டையும் சேர்த்தே காக்க வேண்டும் என்று உறுதி பூணுமாறு இந்த அவையைக் கேட்டுக்கொண்டு இவ்வுரை நிறைவடைகிறது.